கொல்லிமலை, 37-ஆவது வளைவு

முதல் நாள், சனிக்கிழமை இரவு

இன்றைய பதிவை மலைமேல் இருக்கும் செம்மேட்டில் ஒரு விடுதி வாசலில் குளிர்காற்று வாங்கிக்கொண்டே எழுதுவதாக இருந்தது. இப்போது நாமக்கல்லில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து லாட்ஜில், கொசுவர்த்திப் புகைக்கு நடுவில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கார் மலையில் இருக்கிறது. நாங்கள் கீழே இருக்கிறோம்.

ஆயுத பூசைக்கு நாலு நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் வந்தது. அத்தைக்கு அறப்பளீஸ்வரர் கோயிலில் ஒரு வேண்டுதல் பாக்கி. மாமா இருந்த காலத்திலேயே நேர்ந்துகொண்டது. மகளுக்கு ஆகாய கங்கை அருவி. இவருக்கு எங்கேயாவது போய் ஒரு நாள் முழுக்கத் தூங்க வேண்டும். எனக்கு அந்த 70 கொண்டை ஊசி வளைவுகள். எங்கள் வீட்டில் கார் ஓட்டுவது நான். இவர் ஓட்டக் கற்றுக்கொண்டு, ஒரே ஒரு தடவை மதில் சுவரில் தேய்த்தார். அதற்கப்புறம் சாவியைத் தொட்டதில்லை.

விடிகாலை நாலரைக்குத் தாம்பரத்தில் கிளம்பி, உளுந்தூர்பேட்டையில் திரும்பி, கள்ளக்குறிச்சியில் இட்லி. ஆத்தூர் தாண்டி மல்லியக்கரை வழியாக நாமகிரிப்பேட்டை. மஞ்சளுக்குப் பேர்போன ஊர். பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி என்று ஊர்ப்பெயர்களை மகள் ராகம் போட்டுப் படித்துக்கொண்டே வந்தாள். பதினொன்றரைக்குக் காரவள்ளி அடிவாரம்.

வண்டிக்குப் பதினோரு வயது. டீசல். மீட்டரில் 94,000 சொச்சம். நாலு பேர், பெட்டிகள், அத்தை கட்டிக்கொண்டு வந்த புளியோதரை. அத்தைக்கு வியர்க்கிறது என்று ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது கியரில் ஏறி, வளைவு வந்தால் முதலாவதுக்கு மாற்றி, திரும்பி, மறுபடி இரண்டாவது. வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை இருக்கிறது. மகள் ஒவ்வொன்றையும் கத்திச் சொன்னாள்.

33-இல் சூட்டு மீட்டரைப் பார்த்தேன். எப்போதும் நடுவில் நிற்கிற ஊசி முக்காலைத் தாண்டி இருந்தது. நிறுத்த இடமில்லை, அடுத்த வளைவில் பார்ப்போம் என்று நினைத்தேன். 34-இலும் அதையே நினைத்தேன். 35-இல் ஊசி தானாகவே இறங்கியது. அப்பாடா என்று இருந்தது. 36-இல் இன்னும் கீழே போய்விட்டது. மலைக்காற்று பட்டுக் குளிர்ந்துவிட்டது போல என்று நான் வாய்விட்டே சொன்னேன்.

37-இல் வண்டி இழுக்கவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தம் மட்டும் வந்தது. கொஞ்சம் இனிப்பு கலந்த ஒரு வாசனை, அப்புறம் பானட் இடுக்கில் வெள்ளையாக ஆவி. நல்லவேளை, அந்த வளைவில் ஓரம் கொஞ்சம் அகலம்.

இவர் தண்ணீர் பாட்டிலோடு இறங்கினார். “மூடியைத் தொடாதீங்க” என்று நான் போட்ட சத்தத்தில் எதிர் மரத்துக் குரங்கு ஓடிவிட்டது. சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே அழுத்தத்தில் அடங்கியிருக்கும் கொதிநீர் முகத்தில் பாயும். காய்ந்த எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் இரும்பு விரிசல் விடும். இது இரண்டும் எனக்குத் தெரியும். தெரிய வேண்டிய மூன்றாவது ஒன்று தெரியாமல் போய்விட்டது. அது நாளைக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

மேலிருந்து வாழைத்தார் ஏற்றி இறங்கிய ஒரு மினி லாரி நின்றது. ஓட்டி வந்த தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, “தண்ணி பூராவும் போயிருச்சுங்க. நூட்ரல்ல போட்டு எறக்கிப் போடலாமுங்க, முப்பத்தேழு வளைவுதானுங்க” என்றான். நல்ல மனசு. ஆனால் எஞ்சின் ஓடாத வண்டியில் ரெண்டு மூணு மிதிக்கு மேல் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். அதோடு 37 வளைவு இறங்க என்னால் முடியாது என்றேன். அவன் இவரைப் பார்த்தான். இவர், “அவங்க சொல்றதுதான்” என்றார்.

இன்சூரன்ஸோடு சேர்த்து வாங்கியிருந்த சாலையோர உதவிக்கு ஃபோன் செய்தேன். சிக்னல் ஒரு கோடு. மலைப்பாதைக்கு வண்டி அனுப்ப மாட்டார்களாம், அடிவாரத்துக்குக் கொண்டு வந்துவிட்டால் இலவசமாக இழுத்துப் போவார்களாம். அடிவாரத்துக்கு என்னால் கொண்டு வர முடிந்தால் உங்களை எதற்குக் கூப்பிடுகிறேன் என்று கேட்டேன். அந்தப் பெண் பாவம், அவளுக்கு எழுதிக் கொடுத்திருப்பதைத்தான் மறுபடி படித்தாள்.

நாமக்கல் போகும் அரசுப் பேருந்து முக்கால் மணி கழித்து வந்தது. கைகாட்டியதும் நிறுத்தி, நடத்துநர் அத்தைக்கு முன் சீட்டு கொடுத்தார். அத்தையும் மகளும் அதில் போனார்கள். நாங்கள் இருட்டும்வரை பார்த்துவிட்டு, நாலு சக்கரத்துக்கும் கல் வைத்து, அடுத்த பேருந்தில் இறங்கினோம். புளியோதரையைப் பேருந்தில்தான் சாப்பிட்டோம். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கொடுத்தோம்.

இரண்டாம் நாள், ஞாயிறு

லாட்ஜ் மேலாளர் கொடுத்த எண்ணில் ஒரு சின்ன கிரேன் வண்டி கிடைத்தது. 6,500 ரூபாய். பேரம் பேசிப் பார்த்தேன். “மலையில நிக்கிற வண்டிக்கு ஒரே ரேட்டுதானுங்க” என்று முடித்துவிட்டார். காரின் முன்பக்கத்தைத் தூக்கிக் கட்டி, வளைவு வளைவாக இறக்கினார். கிரேனில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். எதிரே சுற்றுலா வேன்கள் ஏறிக்கொண்டிருந்தன. எல்லார் முகமும் சந்தோஷமாக இருந்தது எனக்கு எரிச்சலாக இருந்தது.

வண்டி கெட்டுப் போவதென்றால் நாமக்கல்லில் கெட்டுப் போவது உத்தமம். வெளியூர்க்காரர்களுக்கு நாமக்கல் என்றால் முட்டை. ஆனால் இந்த ஊர் லாரியால் எழுந்த ஊர். லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள், கேஸ் டேங்கர் லாரிக்காரர்களின் சங்கம், டயர், ரேடியேட்டர், லீஃப் ஸ்பிரிங், லேத்து என்று தெருத் தெருவாக இருக்கிறது. பக்கத்தில் திருச்செங்கோடு போனால் நாடெங்கும் போர்வெல் போடுகிற ரிக் வண்டிகள். இங்கே சின்னப் பையன்கூட எஞ்சின் சத்தத்தை வைத்து வியாதி சொல்வான் என்று கிரேன்காரர் பெருமையாகச் சொன்னார்.

சேலம் ரோட்டில் அவருக்குத் தெரிந்த ஒரு பட்டறை. மெக்கானிக்குக்கு ஐம்பது வயது இருக்கும். பேச்சு குறைவு. ஆயில் குச்சியை உருவிக் காட்டினார். கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில், தண்ணீர் கலந்து, பால் அதிகமான காபி நிறத்தில் இருந்தது. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் இருக்கும் டப்பாவில் எண்ணெய்ப் படலம். ரேடியேட்டரின் மேல் ரப்பர் குழாய், அதாவது ஹோஸ், கிளிப்புக்குப் பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. கையால் அழுத்தினால் பிசுபிசுவென்று இருந்தது.

“ஹெட் கேஸ்கட் போயிருச்சுங்க சார். ஹெட்டும் பெண்டாயிருக்கும்” என்று இவரிடம் சொன்னார். ஹெட் என்பது எஞ்சினின் மேல்மூடி, கேஸ்கட் அதற்கும் கீழே இருக்கும் பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு. எதைக் கேட்டாலும் இவரிடம்தான் கேட்டார். எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குங்க சார்? கடைசியா எப்ப சர்வீஸ் விட்டீங்க சார்? இவர் ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்க்க, நான் பதில் சொல்ல, அவர் அந்தப் பதிலை இவர் சொன்னதாக எடுத்துக்கொண்டு அடுத்த கேள்வியை இவரிடம் கேட்க, ஒரு மொழிபெயர்ப்பாளர் இல்லாத குறைதான்.

“எந்த வளைவுல சூடு ஏறுச்சுங்க சார்?”

“முப்பத்தாறுல” என்றேன்.

இவர் தரையைப் பார்த்தார்.

அப்புறம் அவர் சொன்னதில்தான் அந்த மூன்றாவது விஷயம் தெரிந்தது. சூட்டு மீட்டரின் உணரி தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும்போதுதான் சரியாகச் சொல்லுமாம். தண்ணீர் வடிந்து அது காற்றில் தொங்க ஆரம்பித்தால் ஊசி கீழே இறங்கிவிடும். எஞ்சின் உள்ளே வெந்துகொண்டிருக்கும்போது மீட்டர் குளிர்ச்சி என்று காட்டும். அதாவது, நான் அப்பாடா என்று மூச்சு விட்ட இடம்தான் எஞ்சினுக்குக் கடைசித் துளி தண்ணீரும் தீர்ந்த இடம்.

ஹோஸ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் சர்வீஸ் விட்டபோது, ஹோஸ் உப்பியிருக்கிறது, மாற்றிவிடலாம், 850 ரூபாய் ஆகும் என்றார்கள். பில்லை ஏற்றுவதற்காகச் சொல்கிறார்கள் என்று நினைத்து அடுத்த தடவை பார்க்கலாம் என்றேன். அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருப்பவளுக்கு எல்லா பில்லிலும் சந்தேகம். அதற்கப்புறம் கூலன்ட் இரண்டு முறை குறைந்தது. இரண்டு முறையும் வீட்டு போர்த் தண்ணீரை ஊற்றி மூடினேன். ரேடியேட்டர் மூடி சரியாக இருந்து, ஹோஸ் தாங்கினால், அந்த அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 120 டிகிரிவரை கொதிக்காது. ஹோஸ் கிழிந்து அழுத்தம் போனால் 100-க்கே கொதித்துவிடும். எங்கள் போர்த் தண்ணீரின் உப்பும் துருவும் வேறு.

மதிப்பீடு: 35-இலிருந்து 45 ஆயிரம். ஹெட்டில் விரிசல் இருந்தால் கணக்கு வேறு. சேலத்தில் கம்பெனி சர்வீஸ் சென்டர் ஒன்றுக்கு ஃபோன் போட்டேன். ஹெட்டைப் பழுது பார்க்க மாட்டோம், புதிதாகத்தான் மாற்றுவோம், தொண்ணூறாயிரத்துக்கு மேல் போகும், இரண்டு வாரமாகும் என்றார்கள். இந்த வண்டியை விற்றால் இரண்டு லட்சம் வந்தால் அதிகம். இவர், “பேசாம இங்கேயே வித்துட்டுப் பஸ்ல போயிடலாமா?” என்றார். பாதி விளையாட்டு, பாதி நிஜம். எஞ்சின் போன வண்டியை நின்ற இடத்தில் விற்றால் இரும்பு விலைதான் கிடைக்கும். இங்கேயே செய்வது என்று முடிவு செய்தேன்.

“நாளைக்கு ஆயுத பூசைங்க சார். இன்னிக்கே ஹெட்டை எறக்கி வச்சிடறேன். லேத்து புதன்கிழமைதான் தொறப்பாங்க.”

எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். எதை எதை மாற்றப் போகிறீர்கள், என்ன விலை, பழைய சாமான் எல்லாம் எனக்குத் திருப்பி வேண்டும், அதிகமாக எது வந்தாலும் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். அவர் முதல் முறையாக என்னைப் பார்த்தார். ஒரு கேஸ்கட் அட்டையின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் எழுதிக் கொடுத்தார். முன்பணம் 15,000. தீபாவளிக்கு எடுத்து வைத்திருந்த பணம் தீபாவளிக்கு முன்னாலேயே வெடித்தது.

மூன்றாம் நாள், திங்கள், ஆயுத பூசை

காலையில் பட்டறைக்குப் போனோம். வேலை நடக்காது என்று தெரியும், இருந்தாலும் கால் அங்கேதான் போகிறது.

தரை கழுவிக் கோலம் போட்டிருந்தார்கள். ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், சுத்தியல், ஜாக்கி எல்லாம் துடைத்து, விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம் வைத்து, சிவப்புத் துணியில் வரிசையாக. சுவரில் சாமி படங்கள். அவற்றுக்குக் கீழே, வாழை இலையில் பொரி கடலைக்கும் சுண்டலுக்கும் பக்கத்தில், என் காரின் சிலிண்டர் ஹெட். அதற்கும் ஒரு பொட்டு.

“வேலையில இருக்கற சாமானையும் வெக்கறது வழக்கமுங்க” என்றார் மெக்கானிக். வெள்ளை வேட்டியில் அவரை அடையாளம் தெரியவில்லை. அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், கற்பூரம் காட்டியபோது கன்னத்தில் போட்டுக்கொண்டார். மலைக்கு மேலே இருக்கிற ஈசனுக்கு வைத்திருந்த வேண்டுதலில் பாதியை அந்த ஹெட்டுக்கு மாற்றிவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம்.

வெளியே சேலம் ரோடு முழுக்க லாரிகள் மணக்கோலத்தில் நின்றன. பம்பரில் வாழைக்கன்று, கண்ணாடியில் சந்தனம், சாமந்தி மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். பூசணிக்காய் உடைத்த சிதறலில் பைக்குகள் வழுக்கிக்கொண்டு போயின. மதியத்துக்குள் மகள் எட்டுப் பொட்டலம் பொரி சேர்த்துவிட்டாள்.

சாயங்காலம் ஆஞ்சநேயர் கோயில். ஒரே கல்லில் 18 அடி. தலைக்கு மேல் கூரை கிடையாது, மழையும் வெயிலும் அவருக்கு ஒன்றுதான். எதிரே குன்றைக் குடைந்த கோயிலில் இருக்கும் நரசிம்மரைப் பார்த்துக் கைகூப்பி நிற்கிறார். வடைமாலைப் பிரசாதத்தில் மிளகு தூக்கலாக, மொறுமொறுவென்று. நரசிம்மர் குடைவரை எட்டாம் நூற்றாண்டு, அதியமான் வழி வந்தவர்கள் குடைந்தது என்கிறார்கள். உள்ளே சிற்பங்கள் முன்னால் நின்றபோதுதான் இரண்டு நாளில் முதல் முறையாகக் காரை மறந்திருந்தேன்.

தாயார் சந்நிதியில் இன்னொரு நினைப்பு. நாமகிரித் தாயார் கணிதமேதை ராமானுஜனின் குலதெய்வம். சூத்திரங்களைத் தாயார் கனவில் வந்து காட்டியதாக அவர் சொல்வாராம். நான் அவ்வளவெல்லாம் கேட்கவில்லை. ஒரே ஒரு கூட்டல் கணக்கு, 45,000-க்குள் வரும்படி.

நான்காம் நாள், செவ்வாய்

விசயதசமி. பட்டறையில் பூசை முடித்து, சம்பிரதாயத்துக்கு ஒரு போல்ட்டை முடுக்கி, சாத்திவிட்டுப் போய்விட்டார்கள்.

நாளை மகளுக்குப் பள்ளி, இவருக்கு அலுவலகம். மூன்று பேரும் மத்தியானம் சேலம் பேருந்தில் கிளம்பினார்கள். அங்கிருந்து சென்னைக்கு மாறிக்கொள்வதாகப் பேச்சு. விடுமுறை முடிகிற நாள், கூட்டம் தள்ளியது. அத்தைக்கு இடம் பிடிக்க இவர் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டார். “நீ ஒண்டியா இங்க என்னம்மா பண்ணுவ?” என்று அத்தை மூன்று முறை கேட்டார். வண்டியை யாராவது ஓட்டிக்கொண்டு வர வேண்டுமே அத்தை என்றேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை. மிச்சப் பொரியை என்னிடமே விட்டுவிட்டுப் போனார்கள்.

ஐந்தாம் நாள், புதன்

காலை ஒன்பதுக்கு மெக்கானிக்கின் ஸ்கூட்டரில், ஹெட்டைச் சாக்கில் சுற்றிக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு, லேத்துப் பட்டறைக்குப் போனேன். “நீங்க எதுக்குங்க மேடம்” என்றார். பார்க்க வேண்டும் என்றேன். சார் இல்லாததால் மேடத்திடம் பேசியாக வேண்டிய நிலை அவருக்கு.

லேத்தில் இருந்தவர் எழுபதைத் தொட்ட பெரியவர். சுற்றிலும் லாரி எஞ்சின் ஹெட்டுகள். ஒவ்வொன்றும் அம்மிக்கல் கனம். அவற்றுக்கு நடுவே என்னுடையது அகல் விளக்கு மாதிரி இருந்தது. மேல்பரப்பைத் துடைத்து, நேர்ச்சட்டம் ஒன்றைக் குறுக்கே வைத்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். நடுவில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது. அந்த இடுக்கில் இடைவெளி அளக்கும் ஃபீலர் தகடுகளை ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தார். 0.05 மில்லிமீட்டருக்குள் இருந்தால் அப்படியே மாட்டலாம். என்னுடையதில் 0.20 தாராளமாக நுழைந்தது. மூன்று தலைமுடி கனம் இருக்கும். அதற்குத்தான் இவ்வளவு பாடு. கீழே இருக்கும் பிளாக் வார்ப்பிரும்பு, மேலே ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் அதிகமாக விரியும். போல்ட் போட்டு இறுக்கியிருப்பதால் விரிய வழியில்லாமல் நடுவில் வில்லாக வளைந்துவிடும்.

“எத்தன வளைவு ஓட்டுனீங்கம்மா?” என்றார் பெரியவர்.

“ஒண்ணு” என்றேன்.

அவர் சட்டத்தைக் கீழே வைத்தார். “இது ஒரு வளைவுல வளைஞ்சதில்லீங்கம்மா.”

மெக்கானிக் வேறு பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினார். 33-இலேயே பார்த்தேன், ஊசி இறங்கியதும் நம்பிவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் பாரம் இறங்கியது. பெரியவர் திட்டவில்லை. “லாரிக்காரனுக்கே அந்த ஊசி போக்குக் காட்டும்மா. லோடு ஏத்திக்கிட்டு வர்றவன் அது எறங்குனா சந்தோசப்படறான். எனக்குச் சோறு போடறதே அந்த ஊசிதான்” என்றார்.

அப்புறம் விரிசல் சோதனை. ஹெட்டின் துளைகளையெல்லாம் தகடு வைத்து அடைத்து, சுடுதண்ணீர்த் தொட்டியில் முக்கி, உள்ளே காற்றை ஏற்றினார்கள். சைக்கிள் டியூப் பஞ்சர் பார்ப்பது போலத்தான். குமிழி வந்தால் ஹெட் குப்பைக்கு. பத்து நிமிடம் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். மகளின் பத்தாம் மாத ஸ்கேனுக்குக்கூட நான் திரையை அப்படிப் பார்க்கவில்லை. ஒரு குமிழியும் வரவில்லை.

மட்டம் சீவ மத்தியானம் ஆனது. அதற்குள் உதிரிகள் சேலத்திலிருந்து பஸ் பார்சலில் வந்துவிட்டன. ஹெட் போல்ட் புதிதாகப் போட வேண்டும் என்று நான் சொன்னபோதுதான் சின்ன வாக்குவாதம். பழையதே நன்றாக இருக்கிறது, 2,200 மிச்சம் என்றார் மெக்கானிக். இந்த வகை போல்ட் ஒருமுறை இறுக்கினால் சற்றே நீண்டுவிடும், மறுபடி போட்டால் பிடிப்பு சரியாக இருக்காது என்று நேற்று இரவு லாட்ஜில் வண்டியின் கையேட்டைத் தேடிப் படித்திருந்தேன். எதிர்த்துப் பேசாமல் வாங்கச் சொல்லிவிட்டார். ஆனால் வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் தப்பாமல் ஓட்டும் டைமிங் பெல்ட் விஷயத்தில் நான் தோற்றேன். எழுதிக் கொடுத்த அட்டையில் அது இல்லை, 6,900 அதிகம். “கழட்டுன பெல்ட்ட மறுக்கா மாட்ட மாட்டேனுங்க. லட்சம் கிலோமீட்டர்ல எப்படியும் மாத்தோணும். நடுவழியில அறுந்துச்சுன்னா வால்வு பூராவும் பிஸ்டன்ல மோதிரும். அப்ப இந்த ஹெட்டுக்கு நீங்க வெச்ச பொட்டு வேஸ்ட்டுங்க.” நியாயம். சரி என்றேன்.

ஆறாம் நாள், வியாழன்

ஹெட்டை உட்கார்த்தி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் நடுவிலிருந்து வெளியே, ஒரு பக்கம் ஒன்று எதிர்ப்பக்கம் ஒன்று என்று சுற்றுச் சுற்றாக இறுக்கினார். அந்தக் கால் மணி நேரம் பட்டறையில் யாரும் பேசக் கூடாது. ரேடியோவைக்கூட அணைத்துவிட்டார்கள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு முதல் முறை சாவி போட்டார். இரண்டு உருட்டு உருட்டிப் பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை கொஞ்சம் வந்து நின்றது. கூலன்ட் டப்பாவில் குமிழி இல்லை. ஃபேன் தானாகச் சுற்றி, தானாக நின்றது. அப்போதுதான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது உறைத்தது. பக்கத்துக் கடையில் முட்டைப் பரோட்டா. இந்த ஊரில் அதைச் சாப்பிடாமல் போனால் குற்றம்.

பில். ஹோஸ் 850, ஹெட் மட்டம் சீவியது 2,500, விரிசல் சோதனை 800, கேஸ்கட் செட் 4,800, போல்ட் 2,200, வாட்டர் பம்ப் 3,600, டைமிங் பெல்ட் செட் 6,900, தெர்மோஸ்டாட் வால்வு 1,450, கூலன்ட் 1,600, ஆயில் ஃபில்டரோடு 3,300, கூலி 11,000. மொத்தம் 39,000. கிரேன் 6,500 சேர்த்தால் 45,500. நாமகிரித் தாயார் 500 ரூபாயில் கைவிட்டுவிட்டார். ஆறு நாள் லாட்ஜ் வாடகை 9,000 தனி. இன்சூரன்ஸில் ஒரு பைசா வராது. விபத்துக்குத்தான் தருவார்கள், தேய்மானத்துக்கும் பழுதுக்கும் தரமாட்டார்கள்.

பழைய சாமான்களை ஒரு சாக்கில் போட்டுக் கொடுத்தார். பம்பின் இறக்கைகள் துருவில் அரித்துப் போயிருந்தன. எங்கள் வீட்டு போர்த் தண்ணீரின் கைவேலை.

“மலையில ஏத்திப் பாத்தாத்தான் எனக்குத் திருப்திங்க” என்றார் மெக்கானிக். மூன்றரைக்குக் கிளம்பினோம். நான் ஓட்ட, அவர் பக்கத்தில். முதல் பத்து வளைவுவரை இல்லாத பிரேக்கை அவர் கால் மிதித்துக்கொண்டே வந்தது. அப்புறம் சாய்ந்து உட்கார்ந்தார். 33 வந்தபோது ஊசி நடுவில். அடுத்த நாலு வளைவும் நான் ரோட்டைப் பார்த்ததைவிட அந்த ஊசியைப் பார்த்ததுதான் அதிகம். 37-இல் நாங்கள் வைத்த கற்கள் அப்படியே கிடந்தன. ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் மெக்கானிக் தூங்கிக்கொண்டிருந்தார். நான் பார்த்த நற்சான்றிதழ்களிலேயே அதுதான் உசத்தி.

செம்மேட்டில் டீ. அங்கே வல்வில் ஓரிக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். கடையெழு வள்ளல்களில் ஒருவன், இந்த மலையை ஆண்டவன். அவன் விட்ட ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலி, மான், பன்றி என்று போய், கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் தைத்ததாகச் சங்கப்பாட்டு இருக்கிறது. மெக்கானிக்கிடம் சொன்னேன். டீயை உறிஞ்சிவிட்டு, “உங்க ஹோஸ் மாதிரீங்க. கேஸ்கட், ஹெட், பம்பு, ஆயிலு” என்று விரல் மடக்கினார். உடும்பு எது என்று கேட்டேன். என் கைப்பையைப் பார்த்தார்.

அறப்பளீஸ்வரர் கோயில் அங்கிருந்து இன்னும் தூரம். இருட்டுவதற்குள் இறங்கியாக வேண்டும். ஒரு படி மிளகும், ஒரு சீப்பு மலைவாழையும் வாங்கிக்கொண்டு இறங்கினோம்.

ஏழாம் நாள், வெள்ளி

காலை ஆறுக்குக் கிளம்பி, ஆத்தூரில் ஒரு தடவை, உளுந்தூர்பேட்டையில் ஒரு தடவை பானட்டைத் திறந்து டப்பாவைப் பார்த்தேன். அளவு கோட்டில் அப்படியே இருந்தது. மத்தியானம் ஒன்றரைக்கு வீடு.

மகள் வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போனாள். இவர் பில்லை ஒருமுறை, அப்புறம் கண்ணாடி போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார். பழைய சாமான் மூட்டையைக் கொல்லைப்புறம் வைக்கப் போனேன். அத்தை பின்னாலேயே வந்தார்.

“மேல வரைக்கும் போனியாமே?”

“ஆமா அத்தை. செம்மேடு வரைக்கும்.”

“கோயிலுக்குப் போகலையா?”

“நேரமாயிடுச்சு அத்தை.”

அத்தை கொஞ்ச நேரம் அந்தச் சாக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். “சரி, அப்போ பொங்கலுக்கு லீவு விடுவாங்கல்ல?” என்றார்.

முதல் வேலையாக அந்தக் கிழிந்த ஹோஸைச் சாக்கிலிருந்து எடுத்து, துடைத்து, காரின் டிக்கியில் போட்டு வைத்திருக்கிறேன்.